குரியாத்துக்கு இப்பால்

ஆமை பார்க்கப் போகிறோம் என்று
ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.
ஒன்பதாம் நாள் மழை.

மஸ்கட்டில் மழை என்றால் பிள்ளைகளுக்கு விடுமுறை,
எங்கள் ரூவி சந்துக்கு முழங்கால் தண்ணீர்.
ஆனாலும் கிளம்பினோம்.
குளிர்பதனக் கிடங்கில் நான்கு மாதம் கேட்டு
அவர் வாங்கி வந்த ஒற்றை இரவு அது.
எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை,
ஆமைக்குக் கண் கூசாமலிருக்க
சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்.
ஒட்டியவள் மர்ஜானா. ஆறு வயது.
மடியில் வைத்துக் காவல் காத்தவன் இத்ரீஸ்.
அவனுக்கு நான்கு; ஆமைக்கு நூறு என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

குரியாத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றன.
நேற்றுவரை கல்லும் ஆட்டுப்புழுக்கையும் கிடந்த வாதி
இன்று மண் நிறத்தில் எழுந்து
சாலையைக் கடந்துகொண்டிருந்தது,
தனக்குத்தான் முதல் வழி என்பதுபோல.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
யாரோ உட்கார்ந்திருப்பதுபோல
நிமிர்ந்தபடியே மிதந்து போயிற்று.
நனைந்த போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி
"மஸ்தூத்" என்றார்.
அடைத்தாயிற்று. அவ்வளவுதான்.

வண்டி திரும்பியது.
"நாளைக்குப் போவோமா உம்மா?"
"இன்ஷா அல்லாஹ்."
"அப்படின்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

சைக்கிள் கேட்டபோது இன்ஷா அல்லாஹ்.
பூனைக்குட்டி கேட்டபோது இன்ஷா அல்லாஹ்.
லுலுவில், பில் போடும் வரிசையில்,
மீன் பலூனைக் காட்டி அவள் நின்றுவிட்டபோது
கையை இழுத்தபடி, அவசரமாக, இன்ஷா அல்லாஹ்.
வாங்கித் தரப்போவதில்லை என்று
ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும்.
படைத்தவனின் பெயரை எடுத்து
என் 'முடியாது'க்குத் திரைச்சீலையாக
மாட்டி வைத்திருந்தேன்.
ஆறு வருடத்தில் என் பிள்ளை கற்றுக்கொண்டது இது:
அல்லாஹ் நாடினால் என்றால்
அல்லாஹ் நாடமாட்டான்.

ரூவி வந்து சேரும்வரை
சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.
'எல்லாம் நன்மைக்கே' இருந்தது.
'மழை ரஹ்மத்து' இருந்தது,
ஓதிப் பார்த்து வைத்திருந்த வசனம்கூட இருந்தது.
எதையும் எடுக்கவில்லை.

"சைக்கிளுக்குச் சொன்னது இல்லைன்னுதான்.
வைக்க இடமில்லை. காசுமில்லை.
இல்லைன்னே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடது.
ஆமைக்குச் சொன்னது வேற.
அது எனக்கு நெசமாவே தெரியாது.
வாப்பாவுக்குத் தெரியாது, அந்த போலீஸுக்கும் தெரியாது.
தெரிஞ்சவன்கிட்ட விட்டிருக்கேன்,
அதைச் சொல்லத்தான் அந்த வார்த்தை."
"பூனைக்குட்டி?"
"அதுவும் இல்லைதான்."

அழுதாள். பூனைக்குட்டிக்காக.
ஆமைக்காக அழவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை.
பார்க்கிங்கில் வண்டிக்குள்ளேயே
பொட்டலத்தைப் பிரித்தோம்.
சோறு நசுங்கியிருந்தது, மணம் நசுங்கவில்லை.
இத்ரீஸ் டார்ச்சை மேலே பிடித்தான்.
வண்டியின் கூரை ஓட்டுக்குள் இருப்பதுபோல் சிவந்தது.
இரண்டு கையையும் ஏந்தினான், டார்ச்சோடு.
"யா அல்லாஹ், நாங்க வரலைன்னு
ஆமைகிட்ட சொல்லிடு.
பார்த்துக்கிட்டே நிக்கும்."
"ஆமீன்" என்றார் அவர்,
வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

ஆமை வந்திருக்குமா?
எங்கள் டார்ச் இல்லாத அந்தக் கரையில்
முட்டையிட்டு, மணல் மூடி,
எங்களைத் தேடாமலே திரும்பியிருக்குமா?

"அடுத்த மாசம் லீவு கிடைக்குமா?" என்றாள் மர்ஜானா.
"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.
சொல்லும்போது தொண்டை கொஞ்சம் பயந்தது,
புதிதாக ஒரு சொல்லைப் பேசுவதுபோல.
சிவப்பு வெளிச்சத்தில் என் முகத்தை
உற்றுப் பார்த்தாள்,
கடைக்காரர் தந்த சில்லறையை
நின்று எண்ணுகிறவளைப்போல.
சரியாக இருந்தது போலும்.
வாங்கிக்கொண்டாள்.